லிங்கநகர் வீட்டுக்கு விசா

சம்பூர்,
2025 பெப்ரவரி 10

இராசையா அண்ணைக்கு,

சம்பூரிலிருந்து பாக்கியரத்தினம் எழுதுவது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமோ என்று கேட்கத் தேவையில்லை. நேற்று உங்கள் கேற்றுக்குள் நின்று போட்ட சத்தத்திலேயே உங்கள் நெஞ்சு நல்ல பலமாக இருப்பது தெரிந்துவிட்டது.

போனில் கதைத்திருப்பேன். உங்கள் காது மந்தம். நான் கத்தினால் உங்களுக்குக் கேட்காது, சம்பூருக்கே கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

என் பேரன் பிரகலாதனுக்கு உங்கள் பேத்தி கௌசிகாவைக் கேட்டுத்தானே வந்தேன்? பிள்ளைகள் இரண்டும் ஒன்றை ஒன்று விரும்பி இரண்டு வருடமாகிறது. அவள் மூதூர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். இவன் போட் எஞ்சின் திருத்தும்போது கையை வெட்டிக்கொண்டு ஊசி போடப் போனவன். காயம் ஆறின பிறகும் போய் வந்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

மூன்று பலகாரத் தட்டத்தோடு வந்து வெயிலில் நின்றோம். நீங்கள் கேற்றைத் திறக்கவில்லை.

"ஆர் பிரகலாதன்? ரெண்டாயிரத்துப் பன்னிரண்டில போட்டில அவுஸ்திரேலியாவுக்குப் போய்ப் பிடிபட்டு, திருப்பி அனுப்பின பெடியனோ? என்ர பேத்தி முறையா விசா எடுத்து அந்த நாட்டுக்குப் போகப் போறவள். கள்ளமாப் போனவன்ர தட்டம் இந்த வாசல் தாண்டாது."

"அண்ணை, மெல்லமாக் கதையுங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும்!"

பார்த்தார்கள். முன் வீட்டுப் பெண் கூட்டுகிறதை விட்டுவிட்டு விளக்குமாற்றில் சாய்ந்து நின்று பார்த்தாள். உங்களுக்குப் பின்னால் யன்னலில் கௌசிகா நின்று, கொஞ்சம் பொறுங்கோ என்று எனக்குக் கையைக் காட்டினாள். அந்தப் பிள்ளையின் முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். மூதூர் பஸ்ஸில் ஏறினோம். கொண்டக்டர் நிப்றாஸ் எங்களைக் காலையில் ஏற்றி வந்தவர்.

"என்ன ஆச்சி, தட்டத்தோட போனீங்க, தட்டத்தோடயே வாறீங்க?"

"பொம்பிளை வீட்டில கேற் திறக்கேல்ல தம்பி. மாப்பிள்ளை ஒருக்கால் போட்டில போனவராம்."

அவ்வளவுதான், பஸ் முழுக்க வாய் திறந்தது. பக்கத்தில் இருந்த, சித்தி பரீதா என்று பேருள்ள கிண்ணியாப் பெண் என் தொடையில் தட்டினா. "என்ட மகன் இத்தாலிக்குக் காட்டால நடந்து போனவன். ஒரு துண்டுக் கடதாசி இல்ல. அங்க வயசான ஒரு கிழவனைக் குளிக்க வாத்து, சோறு தீத்திக் காலம் போகுது. அவன் கள்ளனா? சொல்லுங்க!"

முன் இருக்கையில் ஒரு வாத்தியார் திரும்பினார். "களவெடுத்தவன் எண்டு ஆரும் சொல்லேல்ல. என்ர மகள் நாலு வருசம் படிச்சு, சோதனை எழுதி, லண்டனுக்குப் போனவள். இப்பிடிக் குறுக்கால போற ஆக்களாலதான் எம்பசியில எங்களையும் மேலயும் கீழயும் பாக்கிறாங்கள்."

"அப்ப உங்கட மகள் ராணி, என்ட மகன் எலியா?"

"அப்பிடிச் சொன்னனானா? வரிசை எண்டு ஒண்டு கிடக்கு!"

"வரிசையில நிண்டா இத்தாலிக்காரன் என்ட மகனுக்கு விசா தருவானா? அவன் எட்டாம் வகுப்பு!"

நிப்றாஸ் நடுவில் புகுந்தார். "ரிக்கற் எடுக்காம ஏறினவனில பிழைதான் சேர். ஆனா அந்த ஊருக்கு ரிக்கற்றே விக்கிறதில்ல எண்டா அவன் என்ன செய்யிற?"

"நீ முதல் எனக்கு மிச்சத்தைத் தா" என்றார் வாத்தியார்.

பஸ் சிரித்த சிரிப்பில் எனக்கும் கோபம் போய்விட்டது. வெயிலில் பலகாரம் பழுதாகப் போகிறதே என்று தட்டத்தைத் திறந்தேன். அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு, கதலி வாழைப்பழம். வாத்தியார் இரண்டு கையிலும் அரியதரம் வைத்துக்கொண்டு சட்டம் கதைத்தார். சித்தி பரீதா அவருக்குத் தன் போத்தல் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டு ஏசினா. உங்கள் பேத்தியின் பலகாரம் கிண்ணியாப் பாலம் தாண்டவில்லை அண்ணை.

பதில் எழுதுங்கள். எழுதாவிட்டால் அடுத்த முறை ஐந்து தட்டத்தோடு வருவேன்.

பாக்கியரத்தினம்


லிங்கநகர்,
திருகோணமலை
2025 பெப்ரவரி 18

திருமதி பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

தங்களது 10ஆம் திகதிக் கடிதம் கிடைக்கப்பெற்றது. துறைமுகத்தில் எழுதுவினைஞராக வேலை பார்த்து இளைப்பாறியவன் நான். வந்த கடிதத்துக்குப் பதில் எழுதாமல் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

முதலில் முறையைப் பற்றி. நம்முடைய பகுதியில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. கலியாணம் முடிந்து மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பது. இது தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, அழைக்காமலே தட்டத்தோடு என் வாசலுக்கு வந்தவர் தாங்கள். தங்கள் குடும்பத்தில் வரிசையைத் தாண்டுவது பேரனோடு தொடங்கிய பழக்கம் அல்ல என்று நினைக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது பிள்ளையின் விடயம். கௌசிகா தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. நான் வளர்த்தவள். இரவு வேலை முடித்து வந்து, நித்திரை முழித்து ஆங்கிலம் படித்தவள். இரண்டு முறை சோதனையில் அரைப் புள்ளியால் தவறினாள். மூன்றாம் முறை எடுத்தாள். அவளுடைய கோப்பு இப்போது அந்த நாட்டில் ஏதோ ஒரு மேசையில் கிடக்கிறது. அவர்கள் திருப்பி அனுப்பிய ஒருவனின் பெயர் அதில் கணவன் என்று ஏறினால் என்ன ஆகும்? தாங்கள் பஸ்ஸில் சிரிக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெடியனைப் பற்றி விசாரித்தேன். குடிப்பதில்லையாம், நல்ல வேலைகாரனாம். அது வேறு. சட்டம் என்றால், முன்னுக்கு வந்தவன் முன்னுக்குப் போவது. அதை ஒருவன் மதிக்காமல் விட்டால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் மடையர்கள். என் பேத்தி மடைச்சி அல்ல.

கௌசிகா இப்போது என்னோடு கதைப்பதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போகிறாள். கறியில் உப்பைக் கூட்டுகிறாள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
க. இராசையா

பி.கு: பயற்றம் பணியாரம் முழுவதையுமா பஸ்ஸில் கொடுத்தீர்கள்?


சம்பூர்,
2025 பெப்ரவரி 26

இராசையா அண்ணைக்கு,

ஓம், முழுவதையும் கொடுத்தேன். ஒன்றுகூட மிச்சமில்லை. நல்லாய்க் கவலைப்படுங்கள்.

முறை தப்பினது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். முறைப்படி நான் வீட்டில் இருந்து நீங்கள் வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேணும். கேட்கிறேன் அண்ணை, நீங்கள் எந்த வருடம் வருவதாக இருந்தீர்கள்? வர மனமில்லாத ஆளை எதிர்பார்த்து வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு அதற்கு வரிசை என்று பெயர் வைத்தால் நான் எத்தனை காலம் இருப்பது? அதுதான் எழும்பி வந்தனான்.

அவன் போட்டில் போனது சரி என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குச் சொல்லாமல் போனான். அப்போது நாங்கள் சண்டைக்குத் தப்பி வந்து கிளிவெட்டி அகதி முகாமில். அரசாங்கம் சம்பூரைக் கம்பி அடைத்து வைத்திருந்தது. வீட்டுக்கும் போக ஏலாது, வயலுக்கும் போக ஏலாது. பத்தொன்பது வயதுப் பெடியன் தகரக் கொட்டிலுக்குள் இருந்து எந்த வரிசையில் நிற்பது? ஆனாலும் கடலில் ஏதும் நடந்திருந்தால்? திருப்பி அனுப்பி, கோட்டில் வழக்குப் பேசித் தண்டம் கட்டி, முகாம் வாசலில் வந்து நின்றானே, அன்று தும்புத்தடியால் முதுகில் இரண்டு போட்டேன். பிறகு சோறு போட்டேன். அடியும் சோறும் சரியாகப் போய்விட்டது. பிறகு அதைப் பற்றி அவனிடம் நான் கேட்டதில்லை. நீங்கள் மட்டும் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முறையாகப் போனால் எல்லாம் சுகம் என்றும் நினைக்காதேயுங்கள். அவனைப் பெற்ற என் மகள் தவமலர் குவைத்துக்குப் போனது எல்லா முத்திரையும் குத்தித்தான். பாஸ்போர்ட்டை வீட்டுக்கார அம்மா அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறா. என் மகள் நாலு வருடமாக ஊர் பார்க்கவில்லை.

இனிச் சொல்லப் போவதை இருந்துகொண்டு வாசியுங்கள். நேற்றுப் பின்னேரம் பிரகலாதன் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு சொன்னான்.

"அம்மம்மா, கலியாணம் முடிஞ்சு அவ மட்டும் போகட்டும். நான் கூடப் போகேல்ல."

"நீ?"

"நான் பிறகு இஞ்ச இருந்து கேட்டு எழுதுவன். தந்தாப் போவன். தராட்டி அவ லீவில வருவா. இனி ஒரு நாட்டுக்கும் வேலி பாய மாட்டன்."

"கட்டினவள் அங்க, கட்டினவன் இஞ்ச. இதென்னடா கலியாணம்?"

"கப்பல்ல வேலை செய்யிற எல்லாரும் இப்பிடித்தானே அம்மம்மா. எங்களில ஆள்தான் மாறி இருக்கு."

கௌசிகாவும் இதற்குச் சம்மதமாம். எனக்கு முதலில் கோபத்தில் விசர் வந்தது. பிறகு யோசித்தேன். இங்கே இருப்பான் என்றால் எங்கே இருப்பான்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மாப்பிள்ளை பெண்ணின் வீட்டில்தான் என்று. ஆகவே கௌசிகா போனாலும் அவன் லிங்கநகரில்தான் இருப்பான். நீங்களும் அவனும்.

முறையை நான் இனித் தாண்ட மாட்டேன் அண்ணை.

பாக்கியரத்தினம்


லிங்கநகர்,
திருகோணமலை
2025 மார்ச் 7

திருமதி பாக்கியரத்தினம் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் கடைசிப் பந்தியை மூன்று தடவை வாசித்தேன். நானும் அவனுமா?

கௌசிகா நாலு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக என்னோடு கதைத்தாள். கொழும்பில் இந்த விடயங்கள் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் கேட்டாளாம். அவனுடைய பழைய கதையால் இவளுடைய விசாவுக்குப் பழுதில்லை, அவன் பிறகு கேட்கும்போது அதைத் தனியாகப் பார்ப்பார்கள், காலம் எடுக்கலாம் என்று சொன்னாராம். என்னுடைய காரணங்களில் ஒன்று அடிபட்டுப் போனதை நேர்மையாக ஒத்துக்கொள்கிறேன்.

எனினும், ஊர் பேர் தெரியாத ஒருவனை என் வீட்டுக்குள் விடுவதென்றால் அதற்கு ஒழுங்கு வேண்டும். அந்த நாடு ஒழுங்கு கேட்கிறது. நானும் கேட்பேன். முதலில் ஆறு மாதத்துக்குத் தற்காலிக அனுமதி தரலாம். அவனைப் பற்றி நான் எழுதும் நடத்தை அறிக்கை திருப்தியாக இருந்தால் நீடிக்கலாம். எஞ்சின் எண்ணெய்க் கையோடு சுவரைத் தொடக் கூடாது. காலைப் பத்திரிகையை எனக்கு முன் விரிக்கக் கூடாது. வானொலிச் செய்தியை நான் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை குசினியில் மீன் சட்டி ஏறக் கூடாது. மேற்படி படகுப் பயணத்தைப் பற்றி என் நண்பர்களுக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது. மீறினால் திருப்பி அனுப்பப்படுவார். அதில் அவருக்கு அனுபவம் உண்டு.

இதை எழுதும்போது கௌசிகா பின்னால் நின்று வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் இன்று கறியில் உப்பு அளவாக இருந்தது.

இப்படிக்கு,
க. இராசையா


சம்பூர்,
2025 மார்ச் 14

இராசையா அண்ணைக்கு,

உங்கள் விசாச் சட்டத்தைப் பிரகலாதனுக்கு வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தான்.

"அம்மம்மா, அவுஸ்திரேலியாவில பிடிச்சு அந்தத் தீவில எங்கள அடைச்சு வைச்சிருந்தவங்களை விட இவர் எவ்வளவோ மேல். அவங்கள் ஏன் திருப்பி அனுப்புறம் எண்டு வடிவாச் சொல்லவும் இல்லை. இவர் மீனைப் பற்றிக்கூட முன்கூட்டியே சொல்லுறார்!"

அவன் சிரிக்கட்டும். எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. என் வீடு, என் வீடு என்று எழுதுகிறீர்களே, அது யாருடைய வீடு?

நீங்கள் அந்த வீட்டுக்கு எப்போது வந்தனீங்கள்? கப்பல்துறைக் கிராமத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு, தெய்வானை அக்காவைக் கட்டிக்கொண்டு வந்தனீங்கள். வீட்டை அக்காவுக்குத் தாய் கொடுத்தா. அக்கா தன் மகளுக்குக் கொடுத்தா. மகள் கண்ணை மூட அது கௌசிகாவுக்கு வந்தது. வீட்டு உறுதிப் பத்திரமும் அவளுடைய பேரில். இதில் எந்த இடத்தில் இராசையா அண்ணை வருகிறார் என்று நானும் விரலை மடித்து மடித்துப் பார்க்கிறேன், காணவில்லை. அந்த வீட்டுக்கு விசா கொடுக்கிற அதிகாரி இருபத்தொன்பது வயதுப் பெண் பிள்ளை. உங்களுக்கும் அவள்தான் கொடுக்க வேணும். அரை நூற்றாண்டாக விசா இல்லாமல் இருந்துகொண்டு, வருகிறவனிடம் விசா கேட்கிறீர்கள்!

எங்கள் பக்கத்தில் ஆண் பிள்ளை என்றாலே வேறு வீட்டுக்குப் போய்ப் பிழைக்கிறவன்தானே அண்ணை. அதில் உங்களுக்கென்ன, என் பேரனுக்கென்ன.

பாக்கியரத்தினம்


சம்பூர்,
2025 ஏப்ரல் 2

இராசையா அண்ணைக்கு,

இரண்டு கிழமைக்கு மேலாகிறது, உங்கள் பதில் இல்லை. பதில் எழுதாமல் விடுவது பழக்கமில்லை என்று எழுதிய ஆள் நீங்கள்.

போன கடிதத்தில் என் வாய் கொஞ்சம் நீண்டுவிட்டது. கையால் எழுதினாலும் அது வாய்தான். தெய்வானை அக்காவை இழுத்தது கூடிப்போய்விட்டது. நீங்கள் அந்த வீட்டுக் கிணற்றை இறைத்து, கூரை மாற்றி, தாயில்லாப் பிள்ளைக்குத் தலை வாரிவிட்ட மனிதர். அது எனக்குத் தெரியாதா? பகிடிக்கு எழுதினது. வாசித்த உங்களுக்குப் பகிடியாக இருந்திருக்காது.

கௌசிகாவுக்கு விசா வந்துவிட்டது என்று பிரகலாதன் சொன்னான். மனம் நிறைந்த சந்தோசம். சம்பூர் அம்பாளுக்கு ஒரு பொங்கல் வைத்தேன். ஆனி முடியப் போகிறாளாம். வைகாசியில்தான் நல்ல நாள் இருக்கிறது. அதை விட்டால் அவள் கழுத்தில் ஒன்றும் இல்லாமல் விமானம் ஏறுவாள். இவன் எஞ்சினோடு இருப்பான். பிள்ளைகள் எங்களைக் கேட்காமல் பதிவுக் கந்தோரில் போய்க் கலியாணத்தை எழுதிவிடலாம். இரண்டும் மாட்டோம் என்கிறதுகள். "அம்மப்பா சம்மதிக்காமல் வேண்டாம்" என்று அவள் சொல்லிவிட்டாளாம்.

உங்கள் கையில்தான் இருக்கிறது. ஏசியாவது எழுதுங்கள்.

பாக்கியம்


லிங்கநகர்,
திருகோணமலை
2025 ஏப்ரல் 9

அன்புள்ள பாக்கியத்துக்கு,

உம்முடைய மார்ச் மாதக் கடிதம் சுட்டது. உண்மையைத் தவிர வேறொன்றும் அதில் இல்லாதபடியால் கூடுதலாகச் சுட்டது. நாலைந்து பதில் எழுதிக் கிழித்தேன்.

முந்தநாள் சலூனுக்குப் போனேன். முகத்தில் பாதிக்குச் சவர்க்காரம். அடுத்த கதிரையில் இரும்புக் கடைக்காரர்.

"என்ன இராசையா அண்ணை, கௌசிகாவுக்குப் போட்டில போன மாப்பிள்ளையாமே? சீதனத்தோட ஒரு லைஃப் ஜக்கெற்றும் குடுங்கோ!"

சலூன் முழுக்கச் சிரித்தது. முடி வெட்டுகிற ஸஹாப்தீன்கூடக் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த இரும்புக் கடைக்காரரின் மகன் சுவிசில் எட்டு வருடமாகக் கடதாசி இல்லாமல் இருக்கிறவன். என் வாயிலிருந்து வந்ததைக் கேளும்.

"ஓய், அவன் போனான், பிடிபட்டான், கோட்டில நிண்டு ஒப்புக்கொண்டு தண்டம் கட்டி முடிச்சவன். உன்ர மகன் எதை முடிச்சவன்?"

"அது அண்ணை... அங்க கேஸ் நடக்குது."

"நடக்கட்டும். நல்லபடியா முடியட்டும். அந்தப் பிள்ளைக்கும் ஒரு வாசல் திறக்கட்டும். ஆனா என்ர வீட்டு மாப்பிள்ளையப் பற்றிக் கதைக்கேக்க வாயைக் கழுவிப்போட்டுக் கதை!"

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. காது மந்தமானவனுக்கு அது நன்றாகக் கேட்டது. மறு பாதிச் சவரத்தை விட்டுவிட்டு எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். கௌசிகா கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்து, "என்ன அம்மப்பா, ஒரு பக்கம்தான் விசா கிடைச்சதோ?" என்றாள். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் கொஞ்சம் அழுதாள். நான் அழவில்லை.

சட்டத்தைப் பற்றிய என் அபிப்பிராயம் மாறவில்லை. வரிசை வேண்டும். ஆனால் ஒரு மனிதன் பத்தொன்பது வயதில் செய்த ஒன்றுக்காக முப்பத்திரண்டு வயதிலும் வாசலில் நிறுத்தப்படுவது வரிசை அல்ல. அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை.

வருடப் பிறப்புக் கழிந்து வரும் ஞாயிறு, காலைப் படகில் மூதூருக்கு வருகிறேன். முறைப்படி, பெண் வீட்டாராக, மாப்பிள்ளை கேட்டு. கதவைத் திறக்காமல் விடவும் உமக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
கௌசிகாவின் வீட்டில் வசிக்கும்
இராசையா


சம்பூர்,
2025 ஓகஸ்ட் 11

சம்பந்தி அண்ணைக்கு,

கலியாணக் களை எனக்கு இப்போதுதான் ஆறியிருக்கிறது. பெண் கேட்ட குற்றத்துக்கு நீங்கள் என்னைக் கேற்றில் நிறுத்தினீர்கள். மாப்பிள்ளை கேட்டு வந்த உங்களை நான் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு நிமிடம் நிறுத்தினேன். அதற்கு மேல் எனக்கே பொறுக்கவில்லை. உள்ளே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் வயிறு நொந்துவிட்டது. நீங்கள் வெளியே தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு நின்றதை யன்னல் இடுக்கால் பார்த்தனான்.

கலியாணத்துக்குத் தவமலர் வந்தாவே, அதைத்தான் நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். மகனுக்குக் கலியாணம் என்று கேட்டு அந்த வீட்டுக்கார அம்மா அலுமாரியைத் திறந்துவிட்டா. என் மகள் வந்து இறங்கி, மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற மகனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தா. நிப்றாஸ் பஸ்ஸுக்கு லீவு போட்டு வந்தார். சித்தி பரீதா ஒரு வாளி வட்டிலப்பத்தோடு வந்தா. அந்த வாத்தியாரை ஆர் கூப்பிட்டது என்று இன்னும் தெரியவில்லை. பந்தியில் அவர்தான் முதலில் இருந்தார்.

கௌசிகா போய்ச் சேர்ந்து வேலையும் தொடங்கிவிட்டாள். வீடியோவில் முகத்தைக் காட்டினாள். அங்கே குளிராம், என்றாலும் முகம் பூத்துக் கிடக்கிறது. "அம்மம்மா, இவருக்கு விசா எழுதிக் கேட்டாச்சு, இனிப் பொறுத்துப் பாப்பம்" என்றாள். பார்ப்போம். பொறுக்கத் தெரிந்த பிள்ளைகள்.

எனக்கு ஒரேயொரு கவலைதான் அண்ணை. பிரகலாதனை நானே கூட்டிக்கொண்டு வந்து உங்கள் வீட்டில் விட்டேன். எங்கள் வழக்கம்தானே, புதிதா? என்றாலும் வீட்டுக்குத் திரும்பி வந்து அவனுடைய சாப்பாட்டுக் கோப்பையைக் கண்டவுடன் ஒரு மாதிரிப் போய்விட்டது. போனில் கேட்டால் "நல்லா இருக்கிறன் அம்மம்மா" என்கிறான். அவனுடைய அந்தச் சொல்லை நான் நம்புவதில்லை. அந்தத் தீவில் அடைத்து வைத்திருந்தபோதும் போனில் இதே குரலில் இதைத்தான் சொன்னவன்.

நீங்கள் பொய் எழுத மாட்டீர்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். என் பிள்ளை அங்கே எப்படி இருக்கிறான்?

பாக்கியம்


லிங்கநகர்,
திருகோணமலை
2025 ஓகஸ்ட் 19

அன்புள்ள சம்பந்தி அம்மாவுக்கு,

பொய் எழுதவில்லை. கௌசிகா போன பிறகு ஒரு மாதம் அவன் நல்லாக இருக்கவில்லை.

குறை ஒன்றும் இல்லை, அதுதான் குறை. நான் போட்ட ஒழுங்கு எல்லாவற்றையும் அப்படியே கடைப்பிடித்தான். நான் விளையாட்டுக்கு எழுதினதையும் சேர்த்து. பத்திரிகையைத் தொடவில்லை. மின்விசிறி போடவும் என்னைக் கேட்டான். நிலம் நோகாமல் நடந்தான். நான் சாப்பிட்டு முடிக்குமுன் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். "இன்னும் கொஞ்சம் போடட்டோ" என்றால், "வயிறு நிறைஞ்சிட்டுது அம்மப்பா" என்பான். எனக்கு அந்த வயிறு தெரியும். நானும் இதே மேசையில், இதே பொய்யைத் தெய்வானையின் தாய்க்கு ஒரு மாதமாகச் சொன்னவன். வந்த வீட்டில் இரண்டாம் தரம் சோறு கேட்கிறது எவ்வளவு பெரிய வேலை என்று, கப்பல்துறையிலிருந்து வந்த எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தும் மறந்துவிட்டேன். ஒரு வீட்டில் கனகாலம் இருந்தால், வந்தவன் என்பது மறந்துவிடுகிறது பாக்கியம்.

என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஒழுங்கு போடத்தான் எனக்கு வரும். எடுத்துவிடுவது பழக்கமில்லை.

முந்தநாள் காலை தயிர்க்காரர் வந்தார். பழைய ஆள் இல்லை, அவருடைய தம்பி. பிரகலாதன் கேற்றைத் திறந்தான். தயிர்க்காரர் அவனை மேலும் கீழும் பார்த்து, எனக்கே கேட்கிற சத்தத்தில் கேட்டார்.

"தம்பி ஆர்? இந்தப் பக்கம் புதுசாக் கிடக்கு?"

நான் உள்ளே பத்திரிகையோடு இருந்தேன். யன்னலால் பார்த்தேன். பிரகலாதன் ஒரு கையால் கேற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். என்ன சொல்வதென்று யோசிக்கிறான். தயிர்க்காரர் கேட்ட கேள்விக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஆனால் அவனிடம் இந்தக் கேள்வியை எத்தனை பேர் என்னென்ன உத்தியோக உடுப்பில் நின்று கேட்டிருப்பார்கள் என்று எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

எனக்குச் சாதாரணமாகவே குரல் பெரிது. நான் இருந்த இடத்திலேயே இருந்து கத்தினேன்.

"அவன் இஞ்சத்த ஆள்!"

முன் வீட்டுப் பெண் கூட்டுகிறதை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பார்க்கட்டும்.

தயிர்க்காரர், "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, முன்னுக்கு இருந்த சட்டியை விட்டு அடியில் கிடந்த நல்ல சட்டியை எடுத்துக் கொடுத்தார். பிரகலாதன் அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான். நேரே குசினிக்குள் போனான். ஆள் திரும்பி வரக் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். தயிருக்கு ஊற்றும் பாணிப் போத்தலையும் எடுத்துக்கொண்டு, சட்டியோடு நிலத்தில் சம்மணம் கொட்டி இருந்து தின்கிறான். என்னைக் கண்டு எழும்பவில்லை.

"அம்மப்பா, நல்ல தயிர்" என்றான்.

நான் கோப்பை எடுத்துக்கொண்டு வருமுன் சட்டியில் முக்கால்வாசி போய்விட்டது. எனக்கு வந்த கோபத்தை எழுத ஏலாது. நீர் கவலைப்படாமல் இரும்.

இராசையா